பக்கத்து வீட்டு அம்மாவும் நலம்

கோலியர்ஸ் வுட், லண்டன்
14 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் இங்கே நலம். முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. உங்கள் நலமும் கம்சிகா, மிதுலன் இருவரின் நலமும் அறிய ஆவல். பிள்ளைகள் வாங்கித் தந்த காதுமெஷினை மேசை லாச்சியை இழுத்து அதற்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களாம். நல்லது, லாச்சிக்காவது நன்றாகக் கேட்கட்டும். போனில் உங்களோடு கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். இனிமேல் கடிதம்தான்.

என் பக்கத்து வீட்டு பெரில் ஹாலெட்டை நினைவிருக்கிறதா? எண்பத்தாறு வயது. கல்யாணம் கட்டவில்லை. பிறந்த வீட்டிலேயே இருக்கிறார். நான் இருபத்திரண்டு வருடம் கவுன்சிலில் பிறப்பு இறப்புப் பதிகிற கவுண்டரில் இருந்தவள் என்பதால், போன மாதம் ஒரு வேலை தந்தார். அவருடைய தகப்பன் ஆதருக்கு பிரெட் என்றொரு தமையன் இருந்தானாம். எங்கள் கணக்கில் பெரிலுக்குப் பெரியப்பா. 1911இல் கனடாவுக்குப் போகிறேன் என்று புறப்பட்டவன், ஒரு கடிதமும் இல்லை. தாய் சாகும்வரை, "அவன் எங்களை மறந்திட்டான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்போது ஆதருக்குப் பதின்மூன்று வயது. அந்தச் சொல்லை எண்பது வயதுவரை நெஞ்சில் சுமந்து போய்ச் சேர்ந்தார்.

"அவர் என்ன ஆனார் என்று தெரிந்தால் போதும், சந்திரா. நல்ல செய்தி வேண்டியதில்லை" என்கிறார் பெரில். மனுசிக்கு இதயம் பலவீனம். நாள் அதிகம் இல்லை என்று அவருக்கே தெரியும்.

கப்பல் பட்டியல்களில் பிரெட் ஹாலெட் என்று ஒருவரும் இல்லை. உங்கள் பக்கத்துப் பதிவுகளிலும் காணவில்லை. தேவைப்பட்டால் அங்கே ஓர் இடம் போய்ப் பார்க்கச் சொல்வேன், மாட்டேன் என்று சொல்லக்கூடாது.

உறையில் வழக்கமான பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புத் தங்கச்சி,
சந்திரவதனா

ஸ்காபரோ, ரொறன்ரோ
2 மார்ச் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். எனக்கு ஒரு குறையும் இல்லை. படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, எழுபது வயதில் படி ஏறுகிறவனுக்கு வேறு என்ன வாங்கும்?

நாங்கள் ஓடிவந்த கதையே இன்னும் எழுதி முடியவில்லை. நீ வெள்ளைக்காரனுடைய பெரியப்பாவைத் தேடப் புறப்பட்டிருக்கிறாய். சரி, பென்சன்காரிக்குப் பொழுது போகத்தானே வேண்டும். இடத்தைச் சொல், கம்சிகாவை கார் ஓட்டச் சொல்லிப் போய்ப் பார்க்கிறேன். உன் அண்ணி ரஜனி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகத்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
அண்ணை

கோலியர்ஸ் வுட்
28 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நலம். உங்கள் மூச்சு வாங்குதலை டொக்டரிடம் காட்டினீர்களா? பகிடியால் மறைக்க வேண்டாம்.

சிவராத்திரிக்கு லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். கடவுளிடம் கள்ளப் பாஸ்போர்ட் செல்லாது.

பிரெட் அகப்பட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். அண்ணை, இதைக் கேளுங்கோ. 1911 குடிசன மதிப்பில் ஹாலெட் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மார்ஷ் என்றொரு கைம்பெண். அந்த வீட்டு இலக்கம் இப்போது என் வீட்டு இலக்கம்! அவருடைய ஒரே மகன் வோல்டர், பிரெட்டோடு ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை. தேவாலயத்துத் தர்மசபையின் கூட்டக் குறிப்பில், ஜனவரியில், வோல்டருக்குக் கனடா போகக் கப்பல் டிக்கற் கொடுத்ததாக இருக்கிறது. அதே தேவாலயத்து அடக்கப் புத்தகத்தில், மார்ச்சில், வோல்டர் மார்ஷ், இருபத்திரண்டு வயது, காசநோய். புதைத்தாயிற்று.

மே மாதம் லிவர்பூலில் வோல்டர் மார்ஷ், இருபத்திரண்டு வயது, தோல் பதனிடுபவர், கப்பல் ஏறுகிறார்.

பெரில் முன்பு இரண்டு ஆராய்ச்சிக்காரரைப் பிடித்துத் தேடியிருக்கிறார். அவர்கள் ஹாலெட் என்ற பெயரையே தேடிக் களைத்திருக்கிறார்கள். செத்தவன் கப்பல் ஏறுவான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? பட்டியலைப் பார்த்தவுடன் நூலகத்தில் இருந்து சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது.

உங்களுக்கே உங்கள் கதையைச் சொல்கிறேன், கோபிக்காதேங்கோ. முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் இதை எழுதியதில்லை. 1986இல் உங்கள் கூட்டாளி நித்தியானந்தன் கனடா விசா குத்திய பாஸ்போர்ட்டோடு இருந்தான். செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பத்து நாளில் போய்விட்டான். எட்டாம் நாள் சடங்குக்கு அடுத்த நாள் அவன் தாய் அந்தப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைத்தார். "அவன் போகேல்லை. நீயாவது போ தம்பி" என்றார். ஜீவரத்தினம் மகன் கணேசலிங்கமாகக் கிடந்து எழும்பிய நீங்கள் கனடாவில் நித்தியானந்தனாகப் போய் இறங்கினீர்கள். அண்ணி உங்களை "இஞ்சாருங்கோ" என்றார், நான் "அண்ணை" என்கிறேன். பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரிய வழியே இல்லை.

அண்ணை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. பிரெட்டைப் போல நூறு வருடம் கழித்து ஒரு பென்சன்காரி வந்து தேட வேண்டாம். காகிதத்தில் நான் உங்களுக்கு ஆரோ ஒரு பெண். அது எனக்குச் சுடுகிறது.

1921இல் வோல்டர் மார்ஷ் ஹமில்ரன் நகரில் மனைவியோடும் மகனோடும் இருந்திருக்கிறார். புதைத்த இடத்தின் விபரம் இதனோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சந்திரா

ஸ்காபரோ
20 ஏப்ரல் 2024

தங்கச்சிக்கு,

நலம்.

செத்தவர்களைத் தேடுவது உன் விருப்பம், தேடு. என் வீட்டுக் கதவைத் தட்டாதே. என் குடியுரிமை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ரஜனியின் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில் அச்சடித்த "நித்தியானந்தனின் அன்பு மனைவி" வரைக்கும் எல்லாம் அந்தப் பெயரில் நிற்கிறது. பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவன் நான். கம்சிகா பள்ளிக்கூடத்தில் ஒரு முறை பார்த்து எழுதியதற்காக ஒரு கிழமை நான் அவளோடு பேசவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நான் யாரோ ஒருவனின் பெயரில் வந்தவன் என்று எப்படிச் சொல்வது? அவள் என்னைக் கள்ளன் என்று நினைத்தால், இந்த வயதில் அதைத் திருத்த எனக்கு நாள் இருக்கிறதா?

எனக்குச் செய்து தந்த சத்தியத்தை மறக்காதே.

ஹமில்ரனுக்குப் போவேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

அண்ணை

கோலியர்ஸ் வுட்
9 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். நீங்கள் ஒற்றைச் சொல்லில் "நலம்" என்று எழுதியதிலேயே கோபம் தெரிந்தது. சத்தியம் சத்தியம்தான். என் வாயால் வராது. ஆனால் கேட்டதற்கு வருந்தவில்லை.

பெரிலிடம் இன்னும் முழுவதும் சொல்லவில்லை. நிச்சயம் இல்லாததைச் சொல்லி ஆசை காட்டக்கூடாது. நேற்று ஆஸ்பத்திரியால் வந்தவரைக் கட்டிலில் இருத்திவிட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன். மூக்கால் தண்ணி ஓட ஓடக் குடித்தார். "என் பெரியப்பா வந்தாரா?" என்று கேட்கிறார், பஸ் வந்ததா என்று கேட்பதுபோல.

நீங்கள் கெதியாகப் போனால் நல்லது.

சந்திரா

ஸ்காபரோ
25 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் நலமும் பெரிலின் நலமும் அறிய ஆவல். பதில் பிந்திவிட்டது. சில சோதனைகளுக்கு அங்கும் இங்கும் போக வேண்டியிருந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை.

ஹமில்ரனுக்குக் கம்சிகாவோடு போனேன். கதையைக் கார் ஓடும்போது அவளுக்குச் சொன்னேன். பிரெட்டின் கதையை மட்டும். கல்லைக் கண்டுபிடித்தோம். மேலே வோல்டர் மார்ஷ், மனைவி பெயர். கீழே அவர்களுடைய மகன் பெயர். ஆதர் ஹாலெட் மார்ஷ்.

சந்திரா, அது பெரிலின் தகப்பனுடைய முழுப் பெயர். விட்டு வந்த தம்பியின் பெயரை அப்படியே தூக்கித் தன் மகனுக்கு வைத்திருக்கிறான். மறந்துவிட்டான் என்றல்லவா சொன்னார்கள்! நான் அந்தப் புல்லில் இருந்துவிட்டேன். எழும்பக் கம்சிகா கை தர வேண்டியிருந்தது.

கல்லடியில் வாடாத பூ இருந்தது. அதனால் கம்சிகா தன் போன் இலக்கத்தை எழுதிப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி வைத்துவிட்டு வந்தாள். இரண்டு கிழமையில் லொரெய்ன் என்ற பெண் போன் எடுத்தார், பிரெட்டின் பேத்தி. போய்ப் பார்த்தோம். "ஹாலெட் எண்டது ஏதோ ஒரு ஊர்ப் பேராம், அப்பிடித்தான் வீட்டிலை நினைச்சவையாம்" என்று கம்சிகா எனக்குக் காதுக்குள் மொழிபெயர்த்தாள். அவர் ஒரு பிஸ்கட் ரின்னைத் தந்தார். லண்டனிலிருந்து "அம்மா மார்ஷ்" தன் மகன் வோல்டருக்கு எழுதிய கடிதங்கள், பதினேழு. எல்லாவற்றின் பிரதியையும் அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் கடைசி வரியையும் பார்.

திரும்பி வரும்போது கம்சிகா சொன்னாள்: "பாவம் அப்பா அந்த மனுசன். பிள்ளையளிட்டையாவது ஒருநாள் சொல்லியிருக்கலாம்தானே. அதுகள் என்ன, கோவிக்கவே போகுதுகள்?"

நான் காது கேளாதவன்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காது கேளாமையில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

அண்ணை

கோலியர்ஸ் வுட்
8 ஜூலை 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நலம். என்ன சோதனை என்று எழுதவில்லையே? உங்கள் "பெரிதாக ஒன்றும் இல்லை" எனக்குப் பழக்கமானதுதான். அடுத்த கடிதத்தில் எழுதுங்கோ.

பதினேழு கடிதத்தையும் என் குசினி மேசையில் பரப்பி வைத்து வாசித்தேன். இதே குசினியில் இருந்துதானே அந்தத் தாய் எழுதியிருப்பார்! மழை, ரொட்டி விலை, தேவாலயத்துச் செய்தி. செத்த மகனின் பெயரைச் சொல்லி "என் அன்பு வோல்டர்" என்றுதான் அந்த மனுசி ஒவ்வொன்றையும் தொடங்கியிருக்கிறார். கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான். "பக்கத்து வீட்டு அம்மாவும் நலம். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்."

1929ஆம் ஆண்டுக் கடிதத்தில் மட்டும் வேறு. "பக்கத்து வீட்டு அம்மா செவ்வாய்க்கிழமை அமைதியாகப் போய்விட்டார். உன் கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். நான் எடுத்து வந்துவிட்டேன். சின்னவனுக்குத் தெரியாது."

பிரெட்டின் தாய்க்குத் தெரிந்திருக்கிறது, அண்ணை. பதினெட்டு வருடமும் தெரிந்திருக்கிறது. சின்னப்பெடியன் வெளியே உளறினால் மூத்தவனைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, மறந்துவிட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறார். பிறகு அவன் வளர்ந்தும், சொல்லும் நாள் வரவில்லை.

நான் என் வீட்டிலிருந்து கடிதங்களைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் பெரிலுக்கு வாசித்துக் காட்டினேன். நூறு வருடத்துக்கு முன் நடந்த அதே பத்தடி. மகனுக்கு வைத்த பெயரைச் சொன்னதும் பெரில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவுக்கு இது தெரியாமல் போய்விட்டதே" என்றார். சந்தோசத்தில் அழுதார் என்று எழுத ஆசைதான். ஆனால் அது கோபம். "ஒரு வார்த்தை, சந்திரா. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அப்பா வேறு மனிதனாக வாழ்ந்திருப்பார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் லொரெய்னின் படத்தைக் காட்டச் சொன்னார்.

இனி நான் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

உடனே பதில் எழுதுங்கோ.
சந்திரா

ஸ்காபரோ
30 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு நின்றுவிட்டது.

அப்பாவுக்கு ஓகஸ்ட் ஆறாம் திகதி இதயத்தில் பைபாஸ் ஒப்பரேசன் நடந்தது. உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். சாப்பிடுகிறார், நடக்கிறார். ஆனால் ஒரு விசயம் எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பி மிதுலனுக்குக்கூடச் சொல்லவில்லை.

மயக்கம் தெளியும்போது நர்ஸ் அப்பாவின் பெயரைக் கேட்டார். அப்பா "கணேசலிங்கம்" என்றார். பிறந்த திகதியும் வேறு சொன்னார். இரண்டு வயது கூட. மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் அதையேதான் சொன்னார். "நித்தியானந்தன் ஆர்?" என்று நான் கேட்டேன். "அவன் செத்துப்போனான் பிள்ளை" என்று சொல்லி அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அம்மாவின் செத்தவீட்டிலும் பார்க்கவில்லை. சார்ட்டில் குழப்பநிலை என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் தன் பெயர் நித்தியானந்தன் என்று சொன்ன பிறகுதான், தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு விட்டார்கள்.

மாமி, அந்தப் பெயரை நான் முன்பு கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அம்மா கோயிலில் ஐயரிடம் "கணேசலிங்கம், பூரட்டாதி" என்று சொல்லி அர்ச்சனை செய்விப்பார். நானும் தம்பியும் அது ஒரு சாமியின் பெயர் என்றுதான் நினைத்திருந்தோம்.

உங்கள் கடிதங்கள் அப்பாவின் லாச்சியில் இருக்கின்றன. நான் தொடவில்லை, பிறர் கடிதத்தை வாசிக்கக்கூடாது என்று அப்பா வளர்த்திருக்கிறார். அவருக்கு மூளையில் ஏதாவது வந்துவிட்டதா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கம்சிகா

கோலியர்ஸ் வுட்
9 செப்ரெம்பர் 2024

அன்புள்ள கம்சிகாவுக்கு,

உன் கடிதம் கண்டவுடன் போன் எடுத்தேன். நீ அழுதாய், நானும் அழுதேன், அழுதபடியே வைத்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் மூளைக்கு ஒன்றும் இல்லை. பயப்படாதே. மயக்கத்தில் இருந்தபோதுதான் மனிதர் தெளிவாகப் பேசியிருக்கிறார்.

உங்கள் அம்மா கெட்டிக்காரி. கோயிலில் சாமிக்குச் சாமியின் பெயரில் அர்ச்சனை செய்வதில்லை, பிள்ளை. வீட்டு ஆட்களின் பெயரில்தான் செய்வார்கள். இதற்கு மேல் என்னால் எழுத ஏலாது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் ஊரில் பலாலி றோட்டில் வைத்து உன் அப்பாவுக்கு நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தவள். மிச்சத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நீ ஒன்று செய்யலாம். ஹமில்ரனில் இருந்து வரும்போது காரில் ஒன்று சொன்னாயாம், பிள்ளைகள் கோபிக்கவா போகின்றன என்று. அதைத் திரும்பச் சொல். அவருக்கு வலது காதுதான் கொஞ்சம் கேட்கும். அந்தப் பக்கமாக இருந்து சொல். பதில் வரும்வரை எழும்பாதே.

அப்பாவைப் பத்திரமாகப் பார். மிதுலனுக்கு என் அன்பு.

மாமி

ஸ்காபரோ
20 ஒக்ரோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம், நெஞ்சில் ஒரு சாண் தையல் இருக்கிறது, ஆறிவிட்டது. உனக்கு மறைத்ததற்குக் கோபிக்காதே. லாச்சிக்குள் இருந்த மெஷினை எடுத்துப் போட்டிருக்கிறேன். உலகம் இவ்வளவு சத்தமா?

கம்சிகா உன் கடிதத்தோடு வந்து வலது பக்கத்துக் கதிரையில் இருந்தாள். நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னாள். நான் கேளாதவன்போல இருந்து பார்த்தேன். அவள் எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறியது. பிறகு சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட், விமான நிலையம், முதல் கையெழுத்து எல்லாம். என்னைக் கள்ளன் என்று நினைக்கிறாயா என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "அவர் எப்பிடி இருந்தவர் அப்பா?" என்று கேட்டாள். ஆர் என்றேன். "நித்தியானந்தன் மாமா" என்றாள்.

சந்திரா, முப்பத்தெட்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அவனைப் பற்றிக் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. அவன் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓடுவான், பாயாசத்துக்கு உயிரை விடுவான், பேய்க்குப் பயம். எல்லாவற்றையும் சொன்னேன். மாலையில் மிதுலன் வந்தான், அவனுக்கும் முதலில் இருந்து சொன்னேன். பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு மிதுலன், "வேண்டாம் அப்பா. அவரும் எங்கட ஆள்தானே" என்றான். காகிதங்களை என்ன செய்வது என்று ஒரு சட்டத்தரணியைப் பார்த்துக் கேட்கிறோம். வருவது வரட்டும். என் பயம் அதுவாக இருந்ததில்லை என்று இப்போது தெரிகிறது.

லொரெய்ன் டிசம்பரில் நத்தாருக்கு லண்டன் வருகிறாராம், பெரிலைப் பார்க்க. பெரிலை அதுவரைக்கும் ரசம் கொடுத்தாவது வைத்திரு.

போன செவ்வாய்க்கிழமை புரட்டாதி மாதத்துப் பூரட்டாதி நட்சத்திரம். என் பிறந்தநாள் என்று உனக்கு மட்டும் தெரிந்த நாள். பிள்ளைகள் இரண்டும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கம்சிகா தாயைப் போலவே சொன்னாள், "கணேசலிங்கம், பூரட்டாதி."

ஐயர் எங்களை இருபது வருடமாக அறிந்தவர். "அம்மாவும் வருசா வருசம் இந்தப் பேருக்குத்தான் செய்விக்கிறவ. இது ஆர் பிள்ளை?" என்று கேட்டார்.

"இவர்தான் ஐயா, எங்கட அப்பா" என்றாள்.

உறையின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பாய். அனுப்புநர் பெயரை நான்தான் எழுதினேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் கொஞ்சம் கோணல்.

உன் அண்ணை,
ஜீவரத்தினம் கணேசலிங்கம்